முகத்தில் கறுப்பில்லாத குட்டிகள்

கலமோதி, கியோஸ் தீவு
ஜனவரி

அன்பு மகன் இசிடோரோஸுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், மெல்போர்னில் நீயும் மருமகளும் குழந்தையும் அதேபோல இருக்க மாதா துணையிருக்கட்டும். அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த கண் நன்றாகத் தெரிகிறது, காபியில் மிதக்கிற எறும்பைக்கூடக் கண்டுபிடித்து என்னைத் திட்டுகிறார். பிசின் மரங்களைக் கவாத்து பண்ணி முடித்தாகிவிட்டது. குழந்தைக்கு இருமல் என்றாயே, கால் தரையில் படாமல் காலுறை போடச் சொல்.

ஆடுகள் ஈன ஆரம்பித்துவிட்டன. முதலில் அந்தக் காது மடிந்த பெட்டைதான், மூன்று குட்டி. துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், நம் ஆடுகளுக்கு இருக்கிற மாதிரி ஒன்றுக்கும் கண்ணைச் சுற்றிக் கறுப்பில்லை, மூக்கிலும் இல்லை, முகமெல்லாம் வெள்ளை. அடுத்த ஆடு ஈன்றதும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. உன் தம்பி பந்தெலிஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். வைக்கோலைத் தள்ளிக்கொண்டே, அது வேற கிடாம்மா என்றான். கோடையில் நானும் அப்பாவும் ஏதென்ஸ் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஆடுகள் பருவத்துக்கு வந்த நேரம் பார்த்து, நம் கிடாவை அக்கரைப் பண்ணைக்காரன் ஒருவனுக்கு ஒரேயடியாகக் கொடுத்துவிட்டு, அவனுடைய பெரிய உடம்புக்காரக் கிடாவைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான். நாங்கள் திரும்புவதற்குள் அதையும் அனுப்பிவிட்டான். எங்களிடம் சொன்னது, நம்ம கிடா வயிறு உப்பிச் செத்துப்போச்சு, அதுக்குள்ள எல்லா ஆட்டையும் சேத்தாச்சு என்று. ஏண்டா இப்படிச் செய்தாய் என்றால், ஈஸ்டருக்கு வர்ற வியாபாரி கொழுத்த குட்டியைத்தான் கேக்கிறான், உன் ஆடு ஈனுற மூணு குட்டியும் எலும்பும் தோலுமாத்தானே நிக்குது என்கிறான். அப்புறம் சொன்னான், அண்ணனுக்கும் தெரியும், குட்டி பிறக்கிற வரைக்கும் சொல்லாதே, அதுக்குள்ள பழகிக்குவாங்கன்னு அண்ணன்தான் சொல்லிச்சு என்று.

செத்துப்போச்சு என்பதை நம்பி நான் அந்தக் கிடாவுக்காக அழுதேன், இசிடோரோஸ். நீ போனில், அழாதேம்மா, அதோட குட்டிங்க பிறக்குமில்ல என்றாய்.

நான் வாழ வந்தபோது இந்தப் பட்டியில் பாதி ஆடுகள் ஒற்றைக் குட்டிதான் ஈனும். மூன்று ஈன்று மூன்றையும் தன் பாலிலேயே தேற்றிய தாயின் பெட்டைக்குட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, எவ்வளவு அழகாக இருந்தாலும் மற்றதையெல்லாம் விற்றுத் தள்ளிவிட்டேன். கிடாவையும் அப்படிப்பட்ட தாயிடமிருந்துதான் எடுத்தேன். உன் கல்யாணத்துக்குக்கூட அந்தக் கிடாவின் அப்பனை வெட்டவிடவில்லை என்று நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாய். இந்த வெள்ளைமூஞ்சிப் பெட்டைகளை வைத்துக்கொண்டால் என்ன ஈனுமென்று யார் கண்டது. ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளப் போவதில்லை.

பக்கத்துப் பட்டி மார்கெல்லா வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் இருந்தபோது நம்மிடம் வாங்கிய கிடாவின் வழிவந்த ஆடுகள் அவளிடம் இருக்கின்றன. அதற்கப்புறம்தான் வேலிச் சண்டை வந்து பேச்சு நின்றது. அப்பா போகாதே என்றார், போனேன். என்ன, இத்தனை வருஷம் கழிச்சு என் வாசல் தெரிஞ்சுதா என்றாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், நீ செய்ததையும் சேர்த்துத்தான்.  பிறகு பட்டிக்குள் போய், மூன்றில் ஒன்றாகப் பிறந்த இளங்கிடா ஒன்றைக் கொம்பைப் பிடித்து இழுத்து வந்தாள். இதைக் கொண்டு போ, ஆனா வேலியை நான் நகத்தப் போறதில்ல என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கிடா இப்போது நம் பட்டியில் நிற்கிறது, பட்டிச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. பந்தெலிஸுக்கு இனி மரவேலை மட்டும்தான். சாப்பாடு போடுகிறேன், திட்டவும் செய்கிறேன். உன்னை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

குழந்தைக்கு என் முத்தம். மருமகள் அனுப்பிய கம்பளிச் சட்டை அப்பாவுக்குச் சரியாக இருக்கிறது என்று சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அப்பாவோடு பேசு. எனக்குச் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுது. உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் நம்பிவிடுவேன்.

இப்படிக்கு
உன் அம்மா
அர்யிரோ