எண் போடாத கடிதம்

எண் 71
எல்ம் ஃபோர்க், அயோவா
19 ஆகஸ்ட் 2021

அன்புள்ள மாரிட்,

இந்த வாரம் சொல்ல வேண்டியவை அதிகம். ஒன்றும் விட்டுப் போகாமலிருக்க முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. நேற்றைய பள்ளி வாரியக் கூட்டத்தில் நடந்தது.
2. நான் ஏன் அப்படி வாக்களித்தேன் என்பது.
3. இனி நாம் எப்படி எழுதிக்கொள்ள வேண்டும் என்பது.
4. மக்காச்சோளம்.

முதலாவது. பள்ளிக்கூட உணவறையில் கூட்டம். இருநூறு பேராவது இருக்கும். பேச வந்த ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். வாரியச் செயலாளர் என்பதால் மணி பார்ப்பது நான்தான். தீவனக் கடை கோர்டி வந்து ஒலிவாங்கியைப் பிடித்தான். "ஆல்டன், உனக்குக் காது கேக்காதுன்னு தெரியும். அதான் முகத்த மூடாம வந்திருக்கேன், உதட்டப் பாத்துப் படிச்சுக்கோ! எம் பேரன் மூக்கு எங்க குடும்பத்து மூக்கு. அதுல உங்களுக்கு ஓட்டு கிடையாது!" கூடம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு மணியடித்தேன். உன் பக்கத்து வீட்டு ஆசிரியை அழுதுகொண்டே பேசினார். அவருக்கும் மூன்று நிமிடத்தில் மணியடித்தேன்.

இரண்டாவது. எந்தப் பள்ளியும் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கக் கூடாதென்று மே மாதம் மாநிலம் சட்டம் போட்டுவிட்டது. அதை மீறிக் கட்டாயமாக்கலாம் என்ற தீர்மானம் வந்தது. மூன்று பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. நான் எதிர்த்துக் கை தூக்கினேன். தோள் உயரத்துக்குத்தான் தூக்க முடிந்தது. "ஆல்டன், அது கைதானா?" என்று தலைவர் கேட்டார். ஆமாம் என்றேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கவுண்டி நிர்வாகத்துக்கு நிலம் அளந்தவன் நான். வேலி தப்பான இடத்தில் இருக்கிறதென்று தெரிந்தாலும், கோர்ட்டு சொல்லும்வரை பிடுங்கியதில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோரும் வாயை மூடிக்கொண்டபின் எனக்கு உலகமே ஊமையாகிவிட்டது. அந்தச் சொந்தக் குறையும் என் கையைப் பிடித்து இழுத்ததோ என்று சந்தேகமாக இருக்கிறது.

மூன்றாவது. சண்டை, அரசியல் என்று போகப்போக நீ எனக்கு எழுதத் தயங்குவாயோ என்று பயமாக இருக்கிறது. தயங்காதே. வாரியத்தில் நான் ஏழு பேரில் ஒருவன். உன் உறையைப் பிரிப்பவன் உன் அப்பா. நம் கடிதங்கள் நம்மோடு இருக்கும். மனதில் உள்ளதை அப்படியே எழுது.

நான்காவது. முதல் கதிர்கள் பன்னிரண்டைப் பையில் போட்டு உன் வீட்டுத் தபால் பெட்டியில் மாட்டியிருக்கிறேன். மணியடிக்கவில்லை. ஜன்னலில் என் பேத்தி தில்டா கையசைத்தாள்.

அன்புடன்,
அப்பா

*

24 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பா,

சோளம் வந்தது. உங்கள் வாக்கும் வந்தது. சோளம் மட்டும் தொண்டையில் இறங்கியது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நேற்று கோபமாக ஒன்று எழுதிக் கிழித்துவிட்டேன். இது இரண்டாவது.

பள்ளி திறந்த அன்று தில்டா பையை மாட்டிக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தாள், கணினித் திரைக்கு முன்னால். எட்டு வயது. "பையைக் கழட்டிட்டு உக்காரேன்டி" என்றேன். "பள்ளிக்கூடத்துல பையோடதான் உள்ள போவாங்க" என்றாள். உங்கள் மருமகன் வெஸ் எழுந்து வெளியே போய்விட்டார்.

தலைமையாசிரியர் தொலைபேசியில், "அவ மட்டும் போட்டுக்கிட்டு வரட்டுமே, யாரு வேணாம்னா?" என்று கேட்டார். "ஐயா, இன்னொருத்தர் சிறுநீரகம் அவ உடம்புல இருக்கு. உடம்பு அத விரட்டாம இருக்கத்தான் தினம் மாத்திரை. அந்த மாத்திரை நோயையும் எதிர்க்க விடாது. அவ போட்டுக்கிட்டா மத்தவங்களுக்குக் காவல். மத்தவங்க போட்டாத்தான் அவளுக்குக் காவல்" என்றேன். "கஷ்டம்தான்மா" என்றார். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

மனதில் உள்ளதை எழுதச் சொன்னீர்கள். ஒன்று இருக்கிறது. வெஸ்ஸுக்குக்கூடச் சொல்லவில்லை. ஜூலையில் அவர் சாலையில் லாரியோடு இருந்தபோது, அவர் தங்கை மகள் பிறந்தநாள். தோட்டத்தில்தான் என்றார்கள், போனோம். மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் வீட்டுக்குள் ஓடினார்கள். நான் நாற்காலிகளை மடக்கிவிட்டு உள்ளே போனால், தில்டா முகக்கவசத்தைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு கேக்கைச் சுற்றி மற்ற பிள்ளைகளோடு பாடிக்கொண்டிருக்கிறாள். வாய் திறந்து பாடுகிறாள் அப்பா. அவள் பல் ஒன்று விழுந்திருப்பதையே மற்ற பிள்ளைகள் அன்றுதான் பார்த்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். போட்டுக்கொள் என்று சொல்லவில்லை. நாற்பது நிமிடம். அதன்பின் பத்து நாள் காய்ச்சல் பார்க்கும் கருவியும் கையுமாக அலைந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

இன்னொரு செய்தி. உடல்நலம் குன்றிய பிள்ளைகளின் பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து மத்திய நீதிமன்றத்துக்குப் போகிறோம். மாநிலத்தின் மேல் வழக்கு, பள்ளி வாரியங்களின் மேலும். உறுப்பினர் ஏழு பேர் பெயரும் வரும். குடும்பப் பெயரின் அகர வரிசையில் நீங்கள் கடைசி, பயப்படாதீர்கள்.

மாரிட்

*

எண் 76
23 செப்டம்பர்

அன்புள்ள மாரிட்,

வழக்குத் தாளில் என் பெயரைப் பார்த்தேன். ஆல்டன் டிவேட், பிரதிவாதி. கடைசியில்தான் இருந்தது. நீ சொன்னதை நினைத்துச் சிரித்தேன்.

நீதிபதி மாநிலச் சட்டத்தை இடைக்காலமாக நிறுத்தியது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நேற்று வாரியம் மறுபடி கூடியது. நான்குக்கு மூன்று, முகக்கவசம் கட்டாயம். இந்தமுறை என் கை காதுவரை போனது. வெளியே வரும்போது கோர்டி என் காரை மறித்து, "பொண்ணு கேஸ் போட்டதும் அப்பனுக்குக் கை தானா எழும்புதோ?" என்றான். இல்லை, நீதிபதி சொன்னதால்தான் என்றேன். "அதுதான்யா இன்னும் மோசம்!" என்றான். நாற்பது வருடமாகச் சேர்ந்து காப்பி குடிக்கிறோம். இப்போது அவன் வேறு மேசைக்குப் போய்விட்டான்.

ஒரே ஒரு வேலை வந்திருக்கிறது. முகக்கவசம் பற்றி எங்களிடம் உள்ள எல்லா எழுத்தையும் வாரிய வழக்கறிஞர் கேட்டிருக்கிறார். மாநிலத் தரப்பு பார்க்க வேண்டுமாம். மற்ற ஆறு பேரும் இரண்டு மூன்று தாளோடு முடித்துவிட்டார்கள். எனக்கு அப்படிச் செய்ய வராது. ஒழுங்காகத் தொகுத்து, பட்டியல் போட்டுத்தான் கொடுப்பேன். செயலாளரின் வேலை அது.

தில்டா திங்கள்கிழமை போகிறாளா?

அப்பா

*

4 அக்டோபர்

அப்பா,

போனாள்! பையோடு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்குத்தான் அது கொஞ்சம் வலித்தது.

முதல் வாரத்திலேயே ஒரு தோழி, ஒரு சண்டை, ஒரு சமாதானம். முகக்கவசத்தில் மீசை வரைந்துகொண்டு போயிருக்கிறாள். ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லையாம். உங்கள் கை காதுவரை போனதற்கு நன்றி. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் மேலே.

வெஸ் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். குளிர் வருமுன் ஒரு நாள் தோட்டத்தில் நாற்காலி போடுகிறோம். நீங்கள் ஒரு மூலை, நாங்கள் ஒரு மூலை. வாயை மூடாமல் பேசுகிறேன், நீங்கள் உதட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

முத்தங்களுடன்,
மாரிட்

*

18 நவம்பர்

அப்பா,

செவ்வாய்க்கிழமை என்னிடம் சாட்சியம் எடுத்தார்கள். மாநில வழக்கறிஞர் நல்ல மரியாதைக்காரர். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். பிறகு ஒரு தாளை என் முன்னால் நகர்த்தினார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

ஆமாம் என்றேன். வலது மூலையில் பென்சிலில் எண் இருந்தது. என் கடிதங்களுக்கு நீங்கள் போடும் எண். அதைப் பார்த்தபின்தான் எனக்குப் புரிந்தது.

"இந்தப் பத்தியக் கொஞ்சம் சத்தமாப் படிக்கிறீங்களா?"

படித்தேன். மழை, கேக், பல். நாற்பது நிமிடம்.

"ஒண்ணும் ஆகலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. உங்க பிள்ளையையே நீங்க வற்புறுத்தல. ஊர்ப் பிள்ளைங்களுக்கு எல்லாம் எதுக்குக் கட்டாயம்?"

ஏதோ பதில் சொன்னேன். என்னவென்று நினைவில்லை. வெஸ் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. அவள் உடம்பில் இருப்பது அவருடைய சிறுநீரகம் அப்பா. வீடு வந்ததும் நேராகத் தில்டாவின் அறைக்குப் போனார்.

முப்பத்தொரு கடிதம் கொடுத்திருக்கிறீர்கள். பட்டியலையும் பார்த்தேன். "ஆகஸ்ட் 24, பக்கம் 2: பிறந்தநாள் விழா, முகக்கவசம் இன்றி, 40 நிமிடம்." பட்டியல் இவ்வளவு தெளிவாக இருப்பது அபூர்வம் என்று அந்த வழக்கறிஞர் பாராட்டினார். உங்களிடம் சொல்லச் சொன்னார்.

நான் வழக்கில் நீடித்தால் மற்ற ஒன்பது பேருக்கும் கெடுதல் என்று எங்கள் வழக்கறிஞர் சொல்கிறார். விலகிவிட்டேன்.

இனி எழுதாதீர்கள்.

மா.

*

எண் 85
6 டிசம்பர்

அன்புள்ள மாரிட்,

எழுதக் கூடாதென்றாய். இரண்டே விஷயம்.

1. கேட்டது சட்டம். என்னிடம் இருந்ததை இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியாது. உன் கடிதத்துக்கு மட்டும் ஒரு நியாயம், கோர்டியின் கடிதத்துக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியுமா?

2. அந்தப் பத்தியை எடுத்து எழுதும்போது என் கை நின்றது. கால் மணி நேரம் நின்றது. பிறகு எழுதினேன். நின்றதையும் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தில்டாவுக்கு ஒரு ஜோடி கையுறை தபால் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அப்பா

*

எல்ம் ஃபோர்க்
10 பிப்ரவரி 2022

மாரிட்,

டிசம்பர் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரர் வண்டி போகும்வரை ஜன்னலருகே நின்றேன்.

மேல்முறையீட்டுத் தீர்ப்பு உனக்கும் தெரிந்திருக்கும். தடை இனி மாநிலம் முழுவதற்கும் இல்லை. வழக்குத் தொடுத்த பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு மட்டும்தான். நம் ஊர்ப் பள்ளியிலிருந்து அந்த வழக்கில் இருந்த பிள்ளை ஒருத்திதான். அவள் பெயர் நவம்பரில் நீங்கிவிட்டது. ஆகவே நேற்று வாரியம் கூடி, கட்டாயத்தை நீக்கியது. ஆறு நிமிடத்தில் முடிந்தது. வாதாட ஒன்றும் இல்லை. நானும் கை தூக்கினேன். எந்தப் பக்கம் தூக்கினாலும் ஒன்றுதான்.

முடிந்ததும் வாரிய வழக்கறிஞரை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்: அந்தக் கடிதங்களை நான் கொடுத்தே ஆக வேண்டியிருந்ததா? அவர் முகக்கவசத்தை இறக்கி, எனக்குத் தெரியும்படி மெதுவாகச் சொன்னார். "முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஐயா. குடும்ப விஷயம்னு நீதிபதிகிட்ட சொல்லி நிறுத்தி வைக்க முயற்சி பண்ணியிருப்பேன். கிடைச்சிருக்குமோ கிடைக்காதோ, முயற்சி பண்ணியிருப்பேன். நீங்கதான் பெட்டியோட, பட்டியலோட கொண்டுவந்து மேசைல வச்சிட்டீங்களே."

வெளியே பனியில் கோர்டி நின்றிருந்தான். ஜெயித்த முகம் இல்லை. ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. என் தோளைத் தட்டித் தன் பக்கம் திருப்பினான். "ஆல்டன், என் உதட்டப் பாரு. முகக்கவசம்னாலே எனக்கு ஆகாது. ஆனா என் பொண்ணு எழுதின கடுதாசிய எவனாவது கேட்டிருந்தா, அடுப்புல போட்டுட்டுச் சிறைக்குப் போயிருப்பேன்யா." வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

அவனைப் போல நான் ஏன் செய்யவில்லை என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். நேர்மை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கை நின்றதாக எழுதினேனே, அந்தக் கால் மணியில் நான் நேர்மையைப் பற்றி நினைக்கவில்லை. ஒரு தாள் குறைகிறது என்று யாராவது கண்டுபிடித்து என்னைக் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுபத்தெட்டு வயதில் ஒரு கேள்விக்குப் பயந்து உன்னை அங்கே உட்கார வைத்தேன்.

இன்று காலை உன் வீட்டுப் பக்கம் போனேன். வாசலில் விற்பனைப் பலகை. மினசோட்டாவில் வெஸ்ஸின் அண்ணன் ஊருக்குப் போகிறீர்கள், அங்கே பள்ளியில் இன்னும் முகக்கவசம் போடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு ஆசிரியை சொன்னார். நல்லது. போவது நல்லது. இங்கே என்னால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. ஜன்னலில் யாரும் இல்லை. டிசம்பரில் வைத்த கையுறை தபால் பெட்டியில் அப்படியே இருந்தது. எடுத்துக்கொள்ளவில்லை, அங்கேயே விட்டுவந்தேன். ஒருவேளை கிளம்பும் நாளில் தில்டா திறந்து பார்க்கலாம்.

இந்தக் கடிதத்துக்கு எண் போடவில்லை. நகலும் எடுக்கவில்லை. படித்ததும் நீ எரித்துவிடலாம். படிக்காமலும் எரிக்கலாம்.

ஆகஸ்ட் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கூட்டத்தைப் பற்றி எழுதியது சரி. சட்டத்தைப் பற்றி எழுதியது அன்றைக்குச் சரி. சோளம் பன்னிரண்டு கதிர், அதுவும் சரி.

மூன்றாவதாக, நம் கடிதங்கள் நம்மோடு இருக்கும் என்று எழுதியது தவறு.

அப்பா