தம்பி மனைவியின் கிருமிகள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைச் சாப்பிடும்போது படிக்காதே. அக்கா நலம், பெருங்குடல் மட்டும்தான் நலமில்லை. டிப்போவில் பஸ்களை நேரத்துக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். டிரைவர்கள் இன்னும் என்னைக் கண்டால் சிகரெட்டை ஒளிக்கிறார்கள்.

புற்றுக்கட்டிக்குக் கொடுக்கும் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை. வாயில் இருக்க வேண்டிய ஒரு கிருமி கட்டிக்குள் குடியேறி மருந்தைத் தடுக்கிறது போலிருக்கிறது என்றார் டாக்டரம்மா. மருந்துக்குக் கைகொடுக்கும் நல்ல கிருமிகளோ என் குடலில் குறைவாம். ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து நல்ல கிருமிகளை எடுத்து, கேப்சூலில் அடைத்து, மருந்தோடு சேர்த்துத் தரும் ஒரு சோதனை முறை இங்கே நடக்கிறது. பலிக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. எனக்கு நம்பிக்கை இருக்கிறது. கொடுப்பவரை நாமே அழைத்து வரலாம். இத்தனை வருஷத்தில் உன்னிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. கேட்பதற்கு இதுதான் கிடைத்தது.

உன் அக்கா

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பாட்டுத் தட்டின் முன்னால்தான் படித்தேன். போய்ப் பரிசோதனை செய்துகொண்டேன், தேறவில்லை. மருந்துக்கடைக்காரன் புத்தி உனக்குத் தெரியாதா? ஒரு தும்மல் வந்தால் போதும், அலமாரியிலிருந்து ஆன்டிபயாடிக்கை எடுத்து விழுங்கிவிடுவேன். அதில் என் நல்ல கிருமிகளும் அடிபட்டிருக்கும் என்று நர்ஸ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு ரத்தம் போனபோது மூலம் என்று களிம்பு கொடுத்தவனும் நான்தானே.

கூட வந்திருந்த என் வீட்டுக்காரி, யாரும் கேட்காமலே தன் பெயரையும் கொடுத்தாள். நான் நீட்டும் மாத்திரையை என்றைக்கு அவள் வாங்கியிருக்கிறாள்? எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். நீ ஒப்புக்கொள்ள மாட்டாயே என்று பயந்தேன். போன வருஷம் விருந்தில் அத்தனை பேர் முன்னால், "இது மூலம் இல்ல அண்ணி, முதல்ல டாக்டர்கிட்ட போங்க" என்று அவள் சொன்னதற்கு, இனி அவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று எழுந்து போனாயே. அதை அவளுக்கு நினைவுபடுத்தினேன்.

"அண்ணி என் முகத்தைத்தானே வேணாம்னாங்க? நான் முகத்தையா அனுப்பப் போறேன்?" என்றாள்.

என்ன சொல்கிறாய்? உடனே எழுது.

உன் தம்பி

ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு டிப்போவில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டேன். நான் சிரித்துப் பார்த்திராத டிரைவர்களுக்குத்தான் கலக்கம்.

களிம்புக்காக நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. பூசிக்கொண்டு சும்மா இருந்தவள் நான். அவள் அன்று சபையில் போட்டு உடைத்திருக்காவிட்டால், இன்னும் பூசிக்கொண்டுதான் இருப்பேன்.

சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை முதல் கேப்சூல். கட்டி சுருங்குகிறதா என்று ஸ்கேனில்தான் தெரியும். சுருங்கும். அவளுடைய கிருமிகள் மட்டும் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்குமா என்ன?

சிகிச்சை அறையில் துணைக்கு ஒருவர்தான் உட்காரலாமாம். நீ கடையைப் பார்த்துக்கொள். அவளை அனுப்பு.

அக்கா