ஒன்பது கம்பைலருக்கு ஒரே பெயர்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் திட்டு வாங்கினேன். நியாயமான திட்டு, அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

போன வாரம் ஒரு பிழையைத் திருத்தப் புதிதாக ஒரு கோப்பு எழுதினேன். எட்டு பேக்கேஜில் சேர்த்துவிட்டு ஒன்பதாவதில் சேர்க்க மறந்துவிட்டேன். மறந்தது எதில்? ஏழாம் கம்பைலருக்கானதில். அதை இன்னும் பயன்படுத்துகிறவர் லாரி எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு மனிதர். அலுவலகத்தில் அவருக்கு ஏழாம் நம்பர்க்காரர் என்றே பெயர். அவருடைய மேடைகளில் இருக்கும் பழைய இயந்திரங்களில் வேறு எதுவும் ஓடாது.

"ஏம்மா, ஊரையே கூப்பிட்டுட்டு என்னை மட்டும் விட்டுட்டீங்களே, நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று ஃபோனில் கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். ஃபோனை வைத்துவிட்டு விசைப்பலகையை ஒரு அறை அறைந்தேன்.

மார்ச் 4, புதன்

அண்ணி ஜனவரியிலிருந்துதான் அலுவலகத்தில் ஃபோன் எடுக்கிறார். நேற்று நடந்தது புரியவில்லை என்றார், சொன்னேன்.

நாம் விற்பது ஒரு கட்டம். பெயர், எண், எடை என்று வரிசை வரிசையாகக் காட்டுகிற கட்டம். மற்ற நிரலர்கள் அதை வாங்கித் தங்கள் திரைகளில் பொருத்திக்கொள்கிறார்கள். அதைப் போட்டுக் கொடுக்கும் பெட்டிதான் பேக்கேஜ். நாம் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றுவது கம்பைலர். ஒரு கம்பைலருக்குச் செய்த பெட்டியை இன்னொரு கம்பைலர் ஏறெடுத்தும் பார்க்காது. வாங்கியவர்கள் ஒன்பது கம்பைலர்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் ஒன்பது பெட்டி, ஒன்பது பெயர்: கட்டம்5, கட்டம்7, இப்படி.

"உள்ள இருக்கறது ஒண்ணேதானே? அப்புறம் எதுக்கு ஒன்பது பேரு?"

"உங்க வீட்டுக்காரர் வெச்ச பேரு. போய் அவர்கிட்டயே கேளுங்க."

கேட்டே விட்டார்! கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணி முகத்தைப் பார்த்தால் ஒன்றும் புரிந்த மாதிரி தெரியவில்லை.

மார்ச் 9, திங்கள்

அண்ணன் நிறுவனத்தை விற்கப் போகிறானாம்.

ஒரு பெரிய நிறுவனம் கேட்டிருக்கிறதாம். நல்ல விலையாம். வாங்கினால் கடைசி மூன்று கம்பைலர்களுக்கு மட்டும் கட்டத்தை வைத்துக்கொள்வார்களாம். மற்றவர்கள்? "மாறிக்குவாங்க" என்கிறான். நான்? "உனக்கும் அங்க ஒரு சீட் உண்டு" என்கிறான். சீட்டாம் சீட்டு! என் கட்டத்தை எவனோ கையில வெச்சுக்கிட்டு ஆறு கம்பைலரைத் தலைமுழுகுவான், நான் அங்க உக்காந்து "மன்னிக்கவும், உங்கள் பதிப்பு ஆதரிக்கப்படவில்லை"ன்னு டைப் அடிக்கணுமா? இதுக்கா இத்தனை வருஷம் கண்ணு மங்க உழைச்சேன்?

கத்தினேன். அவனும் கத்தினான். "ஒவ்வொரு புதுக் கம்பைலர் வரும்போதும் நாலு மாசம் நீ இதுலயே மாட்டிக்கிற. பெட்டியக் காப்பி பண்றது, பேரை மாத்தறது, எதையாவது விடறது, திட்டு வாங்கறது. எத்தனை நாளைக்கு?" அது பொய்யில்லை. அதனால் இன்னும் உரக்கக் கத்தினேன்.

கடைசியில் பேசி முடித்தது இதுதான். ஏப்ரல் பதினாறு புதுக் கம்பைலர் வெளிவருகிறது. அன்றே, பழைய ஒன்பதுக்கும் புதியதற்கும் சேர்த்துப் பத்துக்கும், எங்கள் கட்டம் வெளிவர வேண்டும். வந்தால் விற்பனை இல்லை. வராவிட்டால் மறுநாள் கையெழுத்து.

மார்ச் 10, செவ்வாய்

என்ன தைரியத்தில் சரி என்றேன்? எனக்கு வாய்தான் எதிரி.

மார்ச் 13, வெள்ளி

நாள் முழுக்கப் பெயர்களையே முறைத்துக்கொண்டிருந்தேன். கம்பைலர் செய்கிறவர்கள் முதலில் எண் வைத்தார்கள். அப்புறம் ஆண்டு. அப்புறம் யாருக்கு என்ன தோன்றியதோ, மறுபடி எண், அதுவும் முன்னால் ஒருமுறை வைத்த எண்ணையே. அவர்கள் பின்னாலேயே ஓடி ஓடி அண்ணனும் பெயர் வைத்திருக்கிறான். பெட்டிகளை வைத்திருக்கும் இடத்தில் எது பழசு எது புதுசு என்று அந்தக் கடவுளுக்கே தெரியாது.

முடிவு செய்துவிட்டேன். இனி ஒரே பெயர். கட்டம். எண் கிண் ஒன்றும் கிடையாது. கம்பைல் ஆகி வெளியே வரும் கோப்பின் பெயருக்கு மட்டும் வாலில் ஒரு எண், அதுவும் விளம்பரத்தில் போடுகிற எண் இல்லை, கம்பைலர் தனக்குள் வைத்திருக்கும் எண். அதில் யாரும் விளையாட மாட்டார்கள், அது ஏறிக்கொண்டேதான் போகும்.

உள்ளே என்னென்ன கோப்பு என்பதற்கும் ஒரே பட்டியல். ஒன்பது பெட்டியையும் அதிலிருந்து ஒரு சிறு நிரல் செய்து தரும். புதுக் கம்பைலரா? ஒரு வரி சேர்த்தால் போதும்.

இதை ஏன் பத்து வருடம் முன்னாலேயே செய்யவில்லை? வேலை தலைக்கு மேல் இருந்தது, அதனால் வேலையைக் குறைக்க நேரமில்லை. சிரிப்பு வருகிறது.

மார்ச் 20, வெள்ளி

ஒன்பதும் வந்துவிட்டன! காலையில் தட்டிவிட்டுத் தேநீர் போடப் போனேன், திரும்பி வந்தால் ஒன்பதும் வரிசையாக நிற்கின்றன. பிழை என்று ஒரு சிவப்பு எழுத்துகூட இல்லை. அண்ணியைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். "விடுடி, ஃபோன் அடிக்குது" என்று கத்தினார்.

அண்ணன் எட்டிப் பார்த்து, "வாங்கினவங்க கையில ஓடட்டும், அப்புறம் ஆடு" என்றான். வயிற்றெரிச்சல்.

மார்ச் 24, செவ்வாய்

அவன் வாயில் என்ன இருக்கிறதோ தெரியவில்லை. ஓடவில்லை.

ஏழாம் நம்பர்க்காரருக்குத்தான் முதலில் அனுப்பினேன். அவருடைய நிரல்கள் எல்லாம் 'கட்டம்7' என்று பெயர் சொல்லிக் கேட்கின்றன. பழையதை எடுத்துவிட்டால் கட்டம்7 எங்கே என்று நின்றுவிடுகின்றன. இரண்டையும் வைத்தால், ஒரே கோப்பு இரண்டு பெட்டியில் இருக்கிறது, ஏற்க மாட்டேன் என்கிறது கம்பைலர். இது அவருக்கு மட்டுமா? பழைய பெயரைப் பயன்படுத்தும் அத்தனை பேருக்கும் இதே கதிதான்.

எல்லாரையும் பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். சொன்னால் யார் கேட்பார்கள்? நானே கேட்க மாட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

ஒன்றும் ஓடவில்லை. எதிலும் மனசு ஒட்டவில்லை. அண்ணன் என்னிடம் தன்மையாகப் பேசுகிறான், அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

இன்று தூக்கம் வரப் போவதில்லை. சந்தோஷத்தில்!

ஏழாம் நம்பர்க்காரரோடு ஃபோனில் சண்டை. நிரலில் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் சார் என்று கெஞ்சினேன். "நாப்பது மேடை, நாப்பது நிரல், நான் ஒத்த ஆளு. ஒரு எழுத்தைத் தொட மாட்டேன். நீங்க வெச்ச பேரைத்தானேம்மா நான் எழுதினேன்?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "உங்களுக்குப் பேரு இருந்தா போதும், அப்படித்தானே? உள்ள ஒண்ணுமே இல்லாட்டியும் பரவாயில்லையா?"

அவரும் சளைக்கவில்லை. "ஆமா, போதும்! என் நிரல் பேரைத்தான் கேக்குது!"

அந்த வார்த்தையில் எனக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது. நான் "சார், அப்புறம் கூப்பிடறேன்" என்றேன். விடைபெற்றதுகூட ஞாபகமில்லை.

கட்டம்7 என்று ஒரு பெட்டி. உள்ளே ஒரு கோப்புகூட இல்லை. ஒரே ஒரு வரி: எனக்குக் கட்டம் வேண்டும். அவ்வளவுதான். அவர் நிரல் கட்டம்7-ஐக் கேட்கும், கிடைக்கும். கட்டம்7 கட்டத்தைக் கூட்டிக்கொண்டு வரும். ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இல்லை, ஆகவே கம்பைலருக்கும் வாய் திறக்க வழியில்லை. பழைய பெயர் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு காலிப் பெட்டி!

அப்போதே உட்கார்ந்து செய்தேன். சாயங்காலம் அவருக்கு அனுப்பினேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் ஓடியதாம். "என்னம்மா பண்ணீங்க?" என்றார். "நீங்க சொன்னதைத்தான் சார் பண்ணேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, பரவாயில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

மூன்று நாளாக அண்ணன் இதை உடைக்கப் பார்க்கிறான். பழையதின் மேல் புதியதை நிறுவுகிறான், எடுக்கிறான், இரண்டு கம்பைலர்களை ஒரே இயந்திரத்தில் வைத்து மோத விடுகிறான். வால் எண் வேறு வேறு என்பதால் ஒன்றை ஒன்று மிதிக்கவே இல்லை. மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. "ஏதாவது ஓட்டை கிடைச்சுதா?" என்று நாலு தரம் கேட்டேன். ஐந்தாவது தரம் கேட்டபோது அண்ணி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

ஏப்ரல் 16, வியாழன்

ஜெயிச்சாச்சு!

பதினோரு மணிக்குப் புதுக் கம்பைலர் வந்தது. ஒரு வரி சேர்த்தேன், ஓட்டினேன். ஒன்பது வந்தன. பத்தாவது சிவப்பு. பிழைச் செய்தியைப் படித்தேன். புதுக் கம்பைலர் ஒரு பழைய கட்டளையை ஏற்க மறுத்திருக்கிறது, அவ்வளவுதான். அதை வேறு மாதிரி எழுதினேன். ஓர் இடத்தில். ஒரே இடத்தில்! முன்பு என்றால் இந்த ஒரு திருத்தத்தைப் பத்து இடத்துக்கும் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பேன், எங்கேயாவது விட்டிருப்பேன். மறுபடி ஓட்டினேன். பத்தும் பச்சை.

மூன்று மணிக்கு வெளியிட்டோம். அண்ணி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார், "எல்லாத்துக்கும் வந்துடுச்சுங்க. ஆமாங்க, உங்களுக்கும்தான்." அந்த "உங்களுக்கும்தான்" என்பதைக் கேட்கக் கேட்க எனக்குக் கண் கலங்கியது. யாரையும் விடவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

அண்ணன் காலையிலேயே அவர்களைக் கூப்பிட்டு, "இல்லைங்க, விக்கறதா இல்லை" என்று சொன்னான். கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டேன். ஆமாம், கேட்டேன். அதுக்கென்ன இப்ப?

அக்டோபர் 8, வியாழன்

விடுப்பு, நான்காம் நாள். கடலைப் பார்த்த அறை. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன், அண்ணன் கூப்பிட்டான். "இன்னொரு புதுக் கம்பைலர் வந்துடுச்சு."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் சொன்ன தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகவா! "காலையில முதல் வண்டிக்கே வந்துடறேன். நீ எதையும் தொடாதே."

"தொட்டாச்சு" என்றான். பத்து வருடமாக ஒரு வரி நிரல்கூட எழுதாதவன். "ஒரு வரிதானே? சேர்த்தேன். பதினொண்ணும் வந்துச்சு. பன்னெண்டு மணிக்கே வெளியிட்டுட்டோம்."

"அப்ப எதுக்குக் கூப்பிட்டே?"

"சும்மா. பீத்திக்கத்தான்."

ஃபோனை வை என்றேன். மறுபடி படுத்து, விளக்குப் போடும் நேரம் வரை தூங்கினேன்.