சார்ஜ் எடுத்துக்கொண்டதாக நான் இட்ட கையெழுத்து

அனுப்புநர்:
தனியார் அறுவைச் சிகிச்சை மருத்துவமனையின் கருவி அறையில் பதினோரு ஆண்டுகள் வேலை செய்து, சென்ற வாரம் வெளியேற்றப்பட்டவர்.
(என் பெயரும் முகவரியும் மருத்துவமனையின் பெயரும் ஒட்டிய உறையில் தனியே உள்ளன. காரணம் பத்தி 9இல்.)

பெறுநர்:
மருத்துவமனைகள் ஆய்வு அலுவலர் அவர்கள்
(நேரில், தங்கள் கையில் மட்டும்)

பொருள்: ஓர் ஆங்கிலச் சொல்லுக்குள்ள இரண்டு அர்த்தங்களைக் கொண்டு, நான் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் காட்டியது, பழுதான நீராவி மெஷின் இன்னும் ஓடுவது, இவற்றை விசாரிக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அறுவைச் சிகிச்சைக்கான கத்தி, கத்தரி, இடுக்கி முதலியவற்றைக் கழுவித் துணியில் கட்டி, நீராவி மெஷினில் வைத்துக் கிருமி நீக்கிக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு டேப் ஒட்டுவோம். போதிய சூடு ஏறினால் அதிலுள்ள கோடுகள் கறுத்துவிடும். ஏறாவிட்டால் வெளிறியே இருக்கும். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், பொருள் பிடிபடாது. ஆனால் டேப்பைப் படிக்கத் தெரியும்.

2. பிப்ரவரி 3ஆம் தேதி, அறையின் பொறுப்பில் இருந்த மூத்த நர்ஸ் வேலையை விட்டு விலகினார். மேலாளர் எங்கள் இருவரையும் தம் அறைக்கு அழைத்து, "இனிமே ரூமுக்கு நீங்கதான் இன்சார்ஜ்" என்று என்னிடம் கூறி, ஆங்கிலத்தில் இரண்டு வரி அடித்த காகிதத்தை நீட்டினார். "என்ன சார் எழுதியிருக்கு?" என்று கேட்டேன். "சார்ஜை ஏத்துக்கிறேன்னு எழுதியிருக்கு, அவ்வளவுதான்" என்றார். தேதிக்கான இடம் காலியாக இருந்தது. "டைப்பிஸ்ட் போட்டுக்குவாங்க" என்றார். நான் கையெழுத்திட்டேன். என் கையெழுத்துக்குக் கீழே, பொறுப்பை ஒப்படைத்தவர் என்ற முறையில் நர்ஸும் கையெழுத்திட்டார். வெளியே வந்ததும் அவர், "எதுல கையெழுத்து போட்டாலும் பார்த்துப் போடுங்கக்கா" என்றார். விடைபெறும்போது சொல்லும் வழக்கமான புத்திமதி என்று சிரித்துவிட்டேன்.

3. பிப்ரவரி 9 முதல் டேப் வெளிறி வந்தது. மேலாளரிடம் இரண்டு முறை வாயால் சொன்னேன். மூன்றாம் முறை தமிழில் எழுதிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி தரவில்லை. 12ஆம் தேதி மெக்கானிக் வந்து கதவைத் தடவிப் பார்த்து, "ரப்பர்ல மெல்லிசா ஒரு விரிசல் ஓடுதும்மா, ஆவி அதுவழியா போகுது, மாத்தியாகணும்" என்று என் காதுபடச் சொன்னார். மெஷினில் தொங்கும் அட்டையில் எழுதிவிட்டும் போனார். மறுநாள் நான் ரப்பரைப் பற்றிக் கேட்டபோது மேலாளர், "மெக்கானிக்கே ஃபைன்னு எழுதியிருக்காரு, உங்களுக்கு என்ன?" என்றார். ஃபைன் என்றால் நன்றாக இருக்கிறது என்று எனக்கும் தெரியும் என்பதால் வேலைக்குத் திரும்பினேன். விரிசல் மெல்லியது என்றாலும் அதே ஃபைன்தான் என்பது அப்போது தெரியாது. மேலாளருக்குத் தெரிந்திருக்கும்.

4. டேப் வெளிறிய நாளிலிருந்தே ஒவ்வொரு கட்டையும் இரண்டு முறை மெஷினில் வைத்தேன். இரண்டாம் முறை கோடுகள் கறுத்தன. பிப்ரவரி 22 காலையில் முதல் சுற்று முடிந்ததும் மேலாளர் போனில், "ரெண்டாவது தடவை எல்லாம் வேண்டாம், டாக்டர் கையைக் கழுவிட்டு நிக்கிறாரு, குடுத்து விடுங்க" என்றார். கொடுத்துவிட்டேன். ஐயா, நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டென்றால் அது இதுதான். இதை யாரும் கேட்காமல் நானே எழுதுகிறேன். அந்தக் கட்டைக் கொடுத்தது என் கை.

5. அன்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் ஒரு பேருந்து ஓட்டுநர். நான்காம் நாள் அவர் வயிற்றுக் காயத்தில் சீழ் வைத்தது. மீண்டும் திறந்து சுத்தம் செய்தார்கள். இப்போது தேறி வருகிறார். தாழ்வாரத்தில் அவர் மனைவி என்னை நிறுத்தி, "அக்கா, கத்தியெல்லாம் கழுவுறவங்க நீங்கதானா?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

6. மார்ச் 2ஆம் தேதி மூன்று பேர் முன்னிலையில் விசாரணை நடந்தது. எல்லாம் ஆங்கிலத்தில். கடைசியில் மேலாளர் பழைய காகிதத்தைத் தூக்கிக் காட்டித் தமிழில், "சார்ஜை ஏத்துக்கிட்டு கையெழுத்து போட்டது நீங்கதானே?" என்றார். "ஆமா சார், சார்ஜ் எடுத்தது நான்தான்" என்றேன். பதினோரு ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த பொறுப்பாயிற்றே என்று சற்று நிமிர்ந்தே சொன்னேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் வயதான டாக்டர், பாவம் என்பதுபோல் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு ஏன் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன்.

7. "இப்போதைக்கு லீவ்ல இருங்க" என்று அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் வேலைக்குப் போனபோது வாசல் காவலாளி, "உங்க பேரை எடுத்துட்டாங்கம்மா, உள்ள விட்டா என் வேலை போயிடும்" என்று சொல்லி ஓர் உறையைத் தந்தார். அதில் ஒரு கடிதமும் அந்தக் காகிதத்தின் நகலும் இருந்தன.

8. என் நாத்தனார் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். ஆங்கிலம் தெரிந்தவள். படித்ததும் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி, போனுக்குப் போடுறதும் சார்ஜ்தான், பில்லுல சேர்க்கிறதும் சார்ஜ்தான், பொறுப்பும் சார்ஜ்தான். ஒருத்தர் மேல சுமத்துற குற்றமும் சார்ஜ்தான். கிருமி போக்காம கட்டிக் குடுத்தது நீங்கன்னு சொல்லி, அந்தக் குற்றத்தை நீங்களே ஏத்துக்கிட்டதா இந்தக் கடிதத்துல எழுதியிருக்காங்க. கடைசில லீவ்னு போட்டிருக்கிறது விடுமுறை இல்ல, வேலையை விட்டுப் போறது" என்றாள். அந்தக் காகிதத்தில் இப்போது தேதி இருந்தது: மார்ச் 1. நகலை விளக்கடியில் பிடித்துப் பார்த்து மேலும் சொன்னாள்: "இங்க பாருங்க, உங்க கையெழுத்துக்குக் கீழ நிழல் மாதிரி ஒரு கோடு ஓடுது. அடிப்பக்கம் வெட்டின பேப்பரை வெச்சு நகல் எடுத்தா இப்படித்தான் விழும். தினம் பார்க்கிறேன்." வெட்டப்பட்டது நர்ஸின் கையெழுத்து இருந்த பகுதி. பிப்ரவரி 3உடன் விலகிப்போன ஒருவரின் கையெழுத்து, மார்ச் 1 என்று தேதியிட்ட காகிதத்தில் எப்படி இருக்க முடியும்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை இதுவரை வாயளவில்தான் சொல்லியிருக்கிறேன்.

9. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தாங்கள் நினைக்கலாம். சென்ற ஆண்டு எங்கள் சலவைப் பகுதி ஊழியர் வேறொரு அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தார். பத்தாம் நாள் அது "உரிய நடவடிக்கைக்கு" என்ற முத்திரையுடன் எங்கள் மேலாளரின் மேசைக்கே வந்து சேர்ந்தது. உரிய நடவடிக்கையாக அந்த ஊழியர் வீட்டுக்குப் போனார். ஆகவேதான் பெயர்களை உறையில் வைத்தேன். தங்கள் மேல் சந்தேகமில்லை. இந்த மனு கடந்துவரும் மேசைகள் மேல்தான்.

10. அதே காரணத்தால் அசல் எதையும் இணைக்கவில்லை. பிப்ரவரி 9 முதல் வந்த வெளிறிய டேப்புகளைத் தேதியிட்டு என் சொந்த நோட்டில் ஒட்டியிருக்கிறேன். மெக்கானிக்கின் அட்டையைப் படமெடுத்தும் வைத்திருக்கிறேன். தாங்கள் அழைத்தால் தங்கள் எதிரில் மட்டும் காட்டுவேன். நர்ஸிடம் போனில் பேசினேன். "நானா வந்து சொல்ல மாட்டேன்கா, எனக்கும் குடும்பம் இருக்கு. அதிகாரி கூப்பிட்டுக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் போன் எண்ணும் உறையில் உள்ளது. தயவுசெய்து தாங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

11. நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன் என்ற பதிவை நீக்கி, பொறுப்பை மட்டுமே ஏற்றேன் என்று தமிழில் எழுதவும், என் வேலையைத் திரும்பத் தரவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். ஓட்டுநரின் மனைவிக்கும் நடந்தது முழுவதும், என் பங்கு உட்பட, தெரிவிக்கப்பட வேண்டும்.

12. இவையெல்லாம் தாமதமாகலாம், காத்திருப்பேன். ஒன்று மட்டும் காத்திருக்க முடியாது. நேற்றுவரை ரப்பரை மாற்றவில்லை என்று உள்ளே இருப்பவர் சொன்னார். என் இடத்தில் இப்போது இருக்கும் பெண் வேலைக்கு வந்து ஆறு நாள்தான் ஆகிறது; டேப் எந்தக் கறுப்பில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லையாம். வியாழன் காலை ஏழரைக்கு ஒரு குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை என்று பலகையில் எழுதியிருக்கிறார்களாம். என்னை நம்பாவிட்டாலும் பாதகமில்லை. அதற்குள் ஒருவரை அனுப்பி, கதவைத் திறந்து, அந்த ரப்பரை விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையெழுத்து உறையினுள்)

நாள்: மார்ச் 10, செவ்வாய்
இடம்: தங்கள் அலுவலக வாசல்