வண்டி கிளம்பும், எலக்ட்ரீஷியன் வேண்டாம்

டிரைவரம்மா,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். கார் சாவி ஃபிரிட்ஜ் மேல்.

உன் ஸ்போர்ட்ஸ் கார் இன்று சாவியை ஒரு முறை திருப்பினாலே கிளம்பும். அந்தக் கார் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாதே. நீ எழுந்திருப்பதற்குள் பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டித் துடைத்துவிட்டேன். முதலில் மைனஸ் வயரைக் கழற்றினேன், கடைசியில் அதை மாட்டினேன். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துத்தான் செய்தேன். பேட்டரியைக் கழற்றியதால் வண்டிக் கடிகாரம் மட்டும் தப்பாக ஓடும், நீயே திருத்திக்கொள்.

இந்த மாதம் மட்டும் அவன் மூன்று முறை வந்துவிட்டான். "எங்கயோ கரண்ட் கசியுது மேடம்" என்று ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். டார்ச் பிடிக்கப் போன என்னிடம், "சார், தள்ளி நில்லுங்க, ஷாக் அடிச்சிடப் போகுது" என்றான். பன்னிரண்டு வோல்ட் யாரை அடிக்கும்? நீ சிரித்த சிரிப்பு சமையலறை வரை கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

பின்குறிப்பு: செருப்பு மாட்டிய பிறகு திரும்பி வந்து எழுதுகிறேன். கரண்ட் எங்கேயும் கசியவில்லை. வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரிக்குப் போட்டுவைப்பாயே சார்ஜர், அதன் பிளக்கை மூன்று முறையும் பிடுங்கியது நான்தான். வண்டி படுத்துவிட்டால் "என்னங்க, கொஞ்சம் வந்து பாருங்க" என்பாய் என்று வாசலிலேயே நின்றிருந்தேன். நீ நேராகப் போனை எடுத்தாய்.

இப்போது இரண்டு நாளாகச் சார்ஜர் ஓடுகிறது. ஆறு மணிக்கு வந்துவிடுவேன், ஆசை தீரத் திட்டு. அவனிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே.