காருக்குள் வந்த கொம்பு

ஜூன் 9, செவ்வாய்

சோல்ரூன் காப்பி குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள்: கல்யாணம் தேவாலயத்தில் இல்லையாம். கடற்கரைப் புல்வெளியில், கிறிஸ்துவுக்கு முந்தைய இந்நாட்டுத் தெய்வங்களான தோரும் ஃப்ரெய்யாவும் சாட்சியாக, அந்தப் பழைய முறைப்படி. அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. கன்னியர் மடத்துப் பள்ளியில் நான் கற்ற ஒழுங்கையெல்லாம் சொல்லி வளர்த்த ஒரே மகள்.

"நான் வரமாட்டேன்" என்றேன்.

"வராட்டி போம்மா. ஆனா அப்புறம் நான் இந்த வீட்டுப் படி ஏறுவேன்னு எதிர்பார்க்காத."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அறைந்து சாத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூன் 10

மாப்பிள்ளையின் பெயர் கேட்டில். நல்லவன்தான். குழாய் வேலை. தாடியைப் பின்னியிருக்கிறான். ஐம்பது வயதில் பின்னல் எதற்கு?

ஜூன் 13, சனி

பங்குத்தந்தையிடம் கேட்டேன். போலந்துக்காரர், ஐஸ்லாந்துக்கு வந்து இருபது வருடமாகிவிட்டதால் எதற்கும் அதிர்வதில்லை. "போங்கம்மா. பாக்கறது பாவமில்ல. படையல்ல மட்டும் சேராதீங்க" என்றார்.

போவேன். ஆனால் காரை விட்டு இறங்க மாட்டேன். சோல்ரூனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கார்லயா? சரி" என்று வைத்துவிட்டாள். நன்றிகூட இல்லை.

ஜூன் 20, சனி

கை இன்னும் பிசுபிசுக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

மழை. முப்பது பேர் வட்டமாக நின்று நனைகிறார்கள். நான் காருக்குள், ஜெபமாலையுடன். அவர்களுடைய பூசாரி ஸ்டெயின் - என் பல் மருத்துவரேதான் - மாட்டுக் கொம்பில் தேன்மது ஊற்றிச் சுற்றுக்கு விட்டார். வாங்குகிறவர் தெய்வமோ இறந்துபோன உறவோ, ஒரு பெயரைச் சொல்லி, ஒரு வாய் குடித்து, அடுத்தவர் கையில் தர வேண்டும். கொம்பு சோல்ரூனிடம் வந்து நின்றுவிட்டது. அவள் பக்கத்தில் ஓர் இடம் காலி. எனக்கென்று விட்ட இடம். அதைத் தாண்டிப் போகக் கூடாதாம்.

மாப்பிள்ளை கொம்போடு வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினான்.

"இங்குன், ஒரு நிமிஷம் இதப் பிடிங்க. கண்ணெல்லாம் மழைத்தண்ணி."

பிடித்தேன். அதுதான் தப்பு. தடியன், திரும்பிப் பார்க்காமல் வட்டத்துக்கு ஓடிவிட்டான்!

என்ன செய்வது? கொம்பைக் கீழே வைத்தால் கவிழும். இருக்கை உறை புதிது. வெளியே ஊற்றலாமா? மண்ணில் ஊற்றினால் அதுவே படையல். குடித்தால்...? முப்பது பேரும் சொட்டச் சொட்ட என்னையே பார்க்கிறார்கள்.

"இறங்குங்க இங்குன்! இன்னிக்கு ஊசியெல்லாம் கிடையாது!" என்று பல் மருத்துவர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். சோல்ரூன் சிரிக்கவில்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்று நின்றாளே, அப்படியே தரையைப் பார்த்து நின்றாள்.

இறங்கினேன். அவள் பக்கத்தில் போய் நின்றேன். அந்தத் தெய்வங்களின் பெயரெல்லாம் என் வாயில் வராது. "ஆஸ்கிரிம்" என்றேன். என் கணவர் பெயர். பதினோரு வருடமாக உரக்கச் சொன்னதில்லை. முகம் தெரியாதபடி கொம்பை உயர்த்திக் குடித்தேன். நிறுத்த முடியவில்லை. கொம்பு காலி.

"அம்மா! இன்னும் பதினாலு பேர் இருக்காங்கம்மா!"

"அண்ணாந்து வாயைத் திறக்கச் சொல்லு. மழைதான் பெய்யுதே."

சோல்ரூன் என் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். அழுதாளோ என்னவோ, இருவருமே நனைந்திருந்தோம்.

குடித்தவள் கார் ஓட்டக் கூடாது. மாப்பிள்ளையே ஓட்டிக்கொண்டுவந்து விட்டான், கல்யாணப் பெண் பின்னிருக்கையில். கியரை முரட்டுத்தனமாக மாற்றுகிறான்.

ஜூன் 21, ஞாயிறு

தலைவலி. தேவாலயத்துப் பூசைக்குப் போனேன். பாட்டு அநியாயத்துக்குச் சத்தம்.

ஜூன் 27, சனி

பாவசங்கீர்த்தனம். தந்தையிடம் எல்லாவற்றையும் சொல்லி ஒப்புக்கொண்டேன்.

"செஞ்சதுக்கெல்லாம் மனசு வருந்தி மனஸ்தாபப்படறீங்களா?" என்றார் தந்தை.

"முழுசாக் குடிச்சதுக்குப் படறேன்."

"மத்ததுக்கு?"

எத்தனை ஜெபம் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் இருமினார். மூன்று முறை 'அருள்நிறை மரியே' சொல்லச் சொன்னார்.

ஆறு சொன்னேன், மூன்று முன்பணம். நேற்று சோல்ரூன் வந்திருந்தாள். அக்டோபரில் அவர்களுக்குக் குளிர்கால விழாவாம், கொம்பும் உண்டாம்.