வராத வேலைக்கு ஒரு சாட்சி

ஜனவரி 10, வெள்ளி

இன்று சபையில் எனக்கு வேலை கிடைத்தது. கம்பெனிக்கு மட்டும் இன்னும் தெரியாது.

புதன்கிழமை ஜெபல் அலியில் ஒரு சரக்குக் கம்பெனியில் இன்டர்வியூ. "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். அவ்வளவுதான். இன்று, கடவுள் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் இன்பமணி சித்தி எழுந்து மைக்கை வாங்கினாள். "எங்க அக்கா மகளுக்குக் கர்த்தர் ஜெபல் அலியில வேலை குடுத்துட்டாரு!" கைதட்டல்.

"சித்தி, முடிவே வரலையே!"

"விசுவாசத்துல சொல்லிட்டேன்ட்டி. இத்தன பேர் முன்னால சொன்னப்புறம் அவரு செய்யாம இருப்பாரா?"

ஆக, மானம் போகும் என்று மிரட்டிக் கடவுளிடம் வேலை வாங்குகிறோம்.

வளைகுடாவுக்கு, சித்தி வீட்டுக்கு வந்த விசிட் விசா இந்த மாதக் கடைசி வரை. அதற்குள் கிடைக்காவிட்டால் தூத்துக்குடி. அதே டியூஷன் சென்டர், அதே சத்தம் போடும் மின்விசிறி.

ஜனவரி 12

குடும்ப ஜெபம். "ஜெபல் அலியில ரவுண்டானா தாண்டி நீலக் கேட்டு, ரெண்டாவது மாடி, ஹெச்.ஆர். விஷால் — அவரு மனச அசைங்கப்பா." எல்லாம் அறிந்தவருக்கு லொகேஷன் அனுப்புகிறாள் சித்தி. நான் ஆமென் சொல்லவில்லை. தேவசுந்தரம் சித்தப்பா அவசரமாகச் சொன்னார், தோசை ஆறிக்கொண்டிருந்தது.

ஜனவரி 17, வெள்ளி

சபை முழுக்க வாழ்த்து. கேக் எப்போது என்கிறார்கள். கிடங்கில் வேலை பார்க்கும் ரெனீஷ் பயோடேட்டாவோடு வந்தான். "அக்கா, ஒங்க கம்பெனியில ஸ்டோர் வேலை இருந்தா சொல்லுங்க. இருக்கத விட்டு மாறலாம்னு பாக்கேன்."

வாங்கி வைத்துக்கொண்டேன். என்ன சொல்வது? இல்லாத வேலையிலிருந்து சிபாரிசு செய்கிறேன் என்றா?

ஜனவரி 20

மெயில் வந்திருந்தது. திறக்கும் முன் கண்ணை மூடினேன். நீலக் கேட் உட்பட முழு முகவரியும் சொன்னேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

வேலை இல்லையாம்.

ஜனவரி 21

"இது பிசாசோட வேலை" என்கிறாள் சித்தி. பிசாசுக்குக்கூட அந்தக் கம்பெனியில் மெயில் ஐடி கொடுத்திருக்கிறார்கள், எனக்குத்தான் இல்லை.

"யார்ட்டயும் சொல்லாத. அவிசுவாசமா வாயத் தொறக்காத." வெங்காயத்தைத் தேவைக்கு மேல் நறுக்கினாள். பிறகு மெதுவாக, "நான் எப்படிட்டி அவங்க முன்னால நிப்பேன்?"

அப்படியானால் பயந்தது யாருடைய மானத்துக்கு?

ஜனவரி 24, வெள்ளி

போதகர் மைக்கை என்னிடமே நீட்டிவிட்டார். "நீங்களே சொல்லுங்கம்மா."

"எனக்கு வேலை கிடைக்கல. செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போறேன். ஜெபம் பண்ணிக்கிடுங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவர், எந்தச் சாட்சிக்கும் நன்றி சொல்லும் பழக்க தோஷத்தில், "ஸ்தோத்திரம்!" என்றார். சித்தி கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

அப்போது ரெனீஷ் எழுந்தான். மைக் இல்லாமலே. "எனக்கும் வேலை போயிட்டு. கிறிஸ்மஸுக்கு முன்னாலயே. ரூம்ல கூட இருக்கவங்கட்டயும் சொல்லல."

யாரும் கைதட்டவில்லை. ஆனால் ஆராதனை முடிந்ததும் நாலைந்து பேர் அவனைச் சுற்றி நின்றார்கள். அந்த ஸ்தோத்திரக்காரர் போனில் யாரிடமோ, "பாய், நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், நல்லா வேலை செய்வான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரிலும் இங்கேயும் இத்தனை வருஷம் கேட்ட சாட்சிகளில் இப்படி ஒரு கூட்டம் கூடி நான் பார்த்ததில்லை.

சித்தி காரில் என்னோடு பேசவில்லை.

ஜனவரி 28

விமான நிலையத்தில் எழுதுகிறேன். உள்ளே போகும் வாசலில் சித்தி என் தலைமேல் கை வைத்தாள். பின்னால் டிராலிகள் வரிசை கட்டின. "இன்பம், வழிய விடுட்டி, ஆளுக போணும்லா" என்றார் சித்தப்பா. அவள் அசையவில்லை. நான் காத்திருந்தேன் — தூத்துக்குடியில் எந்தத் தெரு, எந்தக் கம்பெனி, எந்த மாடி?

"ஆண்டவரே, எம்பிள்ள..."

அதற்கு மேல் வரவில்லை. கை மட்டும் தலையிலேயே இருந்தது.

ஆமென் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.